மார்கரெட் டியூடர் கல்யாணம்: லாபமா, நஷ்டமா? நஷ்டமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் இருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 1503-ல் இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி, தன் மூத்த மகள் மார்கரெட் டியூடரை ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். இரண்டு நாடும் இனிமேல் சண்டை போடக் கூடாது என்பதற்காகவே பேசி முடித்த கல்யாணம் அது. அரசியல் கணக்கில் அது லாபமா, நஷ்டமா என்பதுதான் இன்றைய கேள்வி. நஷ்டம் என்று சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்ச நஞ்சமல்ல, முதலும் போன நஷ்டம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி, ஊர்வலம், பட்டு, தங்கச் சரிகை, எடின்பரோ தெருவில் குழாயில் ஓடிய திராட்சை ரசம் என்று ஒரு கல்யாண வீட்டையே இந்த மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் மொய் எழுத நோட்டு எங்கே என்று தேடினார். அலங்காரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் வைத்த வாதம் இரண்டுதான். கல்யாணத்தால் பத்து வருடம் அமைதி கிடைத்தது என்பது ஒன்று. அந்தக் கல்யாணத்தின் கொள்ளுப்பேரன்தான் 1603-ல் இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் ஆனார், ஆகவே நூறு வருடம் கழித்து லாபம் வந்தது என்பது இன்னொன்று. கைதட்டல் பலமாக இருந்தது, நானும்தான் தட்டினேன். இப்போது அந்த இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன், நடுவர் அனுமதிக்க வேண்டும்.

ஒரு ஒப்பந்தம் ஜெயித்ததா தோற்றதா என்று பார்க்க வேண்டுமானால், அது என்ன வாக்குக் கொடுத்ததோ அதை வைத்துத்தானே பார்க்க வேண்டும்? 1502 ஜனவரி 24-ம் தேதி கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் பெயரே ‘நித்திய சமாதான ஒப்பந்தம்’. பத்து வருட சமாதானம் என்று போடவில்லை, நித்தியம் என்று போட்டார்கள். மீறுகிற அரசரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று போப்பாண்டவரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். சீதனம் பத்தாயிரம் பவுண்டு, மூன்று தவணையில். (ஏழாம் ஹென்றி காசு விஷயத்தில் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்களுக்குத் தவணை என்பது ஆச்சரியமாக இருக்காது.)

1503 ஆகஸ்ட் 8-ம் தேதி எடின்பரோ ஹாலிரூடில் கல்யாணம் நடந்தது. 1513 செப்டம்பர் 9-ம் தேதி, இங்கிலாந்து மண்ணில், ஃபிளாடன் போர்க்களத்தில், பெண் கொடுத்த நாட்டுப் படையின் கையால் மாப்பிள்ளை செத்துப்போனார். அதாவது நித்தியம் என்பது பத்து வருடம், ஒரு மாதம், ஒரு நாள். பிரிட்டனில் போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி அரசர் அவர்தான். மாப்பிள்ளையைக் காப்பாற்றாத சமாதான ஒப்பந்தத்தை லாபம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், எதிரணிக்கு அது இருக்கிறது.

சரி, அந்தப் பத்து வருடமாவது கல்யாணத்தால் வந்ததா? இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன், ஏனென்றால் எதிரணி இதை அப்படியே கல்யாணத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விட்டது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1490-களில் பெர்க்கின் வார்பெக் என்று ஒருவர், நான்தான் காணாமல் போன யார்க் இளவரசர், இங்கிலாந்துச் சிம்மாசனம் எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். அவருக்கு இடம் கொடுத்து, தன் உறவுக்காரப் பெண் கேத்தரின் கார்டனைக் கட்டிவைத்து, 1496-ல் படையோடு இங்கிலாந்து எல்லையைத் தாண்டியவர் வேறு யாரும் இல்லை, நம் மாப்பிள்ளை நான்காம் ஜேம்ஸ்தான். பதிலுக்கு ஹென்றி ஸ்காட்லாந்து மேல் போர் தொடுக்க வரி போட்டார். எங்கேயோ வடக்கில் நடக்கிற சண்டைக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தெற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் மக்கள் கிளம்பி, 1497 ஜூனில் லண்டன் வாசலில் பிளாக்ஹீத் வரை வந்துவிட்டார்கள். வார்பெக்கை நம்பி ஜேம்ஸுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை கட்டுப்படியாகவில்லை. அதனால் 1497 செப்டம்பரிலேயே ஏய்ட்டன் என்ற ஊரில் போர்நிறுத்தம் பேசிவிட்டார்கள்.

தேதியைக் கவனியுங்கள். அமைதி வந்தது 1497-ல், மணப்பெண் ஸ்காட்லாந்துக்குப் போனது 1503-ல். ஆறு வருடம் முன்னால் வந்த அமைதிக்கு ஆறு வருடம் பின்னால் வந்த கல்யாணம் எப்படிக் காரணம் ஆகும்? அமைதி இருந்ததால் கல்யாணம் நடந்தது, அவ்வளவுதான். அந்த அமைதி எதுவரை நின்றது என்றும் பாருங்கள். சண்டைக்குக் காசு செலவழிக்க மனமில்லாத ஏழாம் ஹென்றி 1509 ஏப்ரலில் சாகிறவரை நின்றது. பிறகு பதினேழு வயது எட்டாம் ஹென்றி வந்தார், பிரான்சை ஜெயித்துப் பெரிய வீரர் என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு. நான்கே வருடத்தில் எல்லாம் முடிந்தது. கல்யாணம்தான் அமைதியைக் காத்தது என்றால், 1509-க்குப் பிறகும் மார்கரெட் அதே ஜேம்ஸோடுதானே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்? பெண் மாறவில்லை, மாப்பிள்ளை மாறவில்லை, மாறியது மாமனார் இருந்த இடத்தில் மச்சான் வந்ததுதான். கல்யாணம் தாங்கிப் பிடித்த அமைதி மச்சான் ஒருவர் வந்தவுடனே விழுமா?

இப்போது எதிரணித் தலைவி சொல்லாமல் விட்ட ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமஸ் ஹோவர்டு, சர்ரே பிரபு. 1503 கோடையில் பதின்மூன்று வயது மார்கரெட்டை அவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு போய் ஸ்காட்லாந்தில் ஒப்படைத்த பெரிய மனிதர் இவர். போன இடத்தில் மாப்பிள்ளைக்கு இவரை அப்படிப் பிடித்துப்போய்விட்டது. புதுப்பெண் மார்கரெட் அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இந்த சர்ரே பிரபுவை விட்டு அரசர் ஒரு நேரம்கூட நகர்வதில்லை என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார், இப்போது உங்களோடு அங்கே இருந்தால் தேவலை என்றும் எழுதுகிறார். கல்யாணம் முடிந்த மறுநாள் சர்ரேயின் மனைவிதான் ஜேம்ஸின் தாடியை வெட்டிவிட்டார், அதற்காக அவருக்குத் தங்கச் சரிகைத் துணி பரிசாகப் போயிருக்கிறது, ஸ்காட்லாந்து அரண்மனைக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது.

பத்து வருடம் கழித்து ஃபிளாடனில் ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? எழுபது வயதான அதே சர்ரே பிரபு! அன்றைக்கு மனைவி தாடியை எடுத்தார், இன்றைக்குக் கணவர் உயிரை எடுத்தார். (நடுவர் சிரிக்கிறார், இதை மதிப்பெண்ணாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.) சிரிப்பாக இருந்தாலும் இதில்தான் என் வாதம் இருக்கிறது. பெண்ணைக் கொண்டுவந்து விட்ட பெரியவர், மாப்பிள்ளைக்கு மனசுக்குப் பிடித்தவர், அவரையே அந்த உறவு தடுத்து நிறுத்தவில்லை. அரசர் சொன்னார், போனார், முடித்தார். அதற்குப் பரிசாக அவருக்கு நார்ஃபோக் கோமகன் பட்டம் கிடைத்தது.

ஜேம்ஸ் ஏன் சண்டைக்குப் போனார், தப்பு அவர் மேல்தானே என்று எதிரணி கேட்கலாம். கேட்கட்டும். எல்லை தாண்டிப் படை கொண்டுபோனவர் அவர்தான், மறுக்கவில்லை. 1513-ல் எட்டாம் ஹென்றி பிரான்சுக்குள் படையோடு இறங்கினார். ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே பழைய கூட்டணி ஒன்று உண்டு, இங்கிலாந்து இவர்களில் ஒருவரை அடித்தால் இன்னொருவர் இங்கிலாந்தைப் பின்னாலிருந்து அடிக்க வேண்டும் என்று. நித்திய சமாதானத்தில் கையெழுத்துப் போட்ட ஜேம்ஸ் அந்தக் கூட்டணியை விடவில்லை, 1512-ல் புதுப்பித்தார். எதிரணி இதைக் கவனிக்க வேண்டும், உங்கள் ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டையே இதுதான். ஒரு பக்கம் இங்கிலாந்துப் பெண், இன்னொரு பக்கம் பிரான்சு நட்பு. இரண்டு பேரும் ஒருநாள் மோதினால் நம் மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார் என்ற கேள்விக்குக் கல்யாணம் பதிலே சொல்லவில்லை, தள்ளிப்போட்டது.

அதற்குள் சின்னச் சின்ன உரசல்கள் வேறு. 1511-ல் ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் ஆண்ட்ரூ பார்ட்டனைக் கடலில் வைத்துக் கொன்றார்கள், கொன்றவர்கள் சர்ரேயின் மகன்கள். ஜேம்ஸ் நியாயம் கேட்டார், கிடைக்கவில்லை. மார்கரெட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய உயில் சொத்தையும் ஹென்றி பிடித்து வைத்துக்கொண்டார். 1513 வசந்தத்தில் வந்த ஆங்கிலேயத் தூதர், உன் கணவர் சமாதானத்தைக் காப்பாற்றினால் தருகிறோம் என்று அவரிடமே சொல்கிறார். கூடப்பிறந்த அக்காவின் பங்கு, அதுவே மிரட்டலுக்கு உபயோகமாகிறது! அப்புறம், பிரான்சில் முற்றுகையில் இருந்த ஹென்றியிடம் ஸ்காட்லாந்துத் தூதர் போனபோது, ஸ்காட்லாந்துக்கே உண்மையான சொந்தக்காரன் நான்தான் என்று அவர் பதில் சொன்னதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, நீ என் குடியானவன் என்கிறார் மச்சான். இதுதான் சம்பந்தம் கலந்த லட்சணம்.

ஃபிளாடனில் ஸ்காட்லாந்துப் பக்கம் செத்தவர்கள் பத்தாயிரம் பேர் வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிரபுக்களில் பெரிய குடும்பங்கள் பலவற்றிலும் இழவு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயராக இருந்த ஜேம்ஸின் மகனும் (மார்கரெட்டுக்குப் பிறந்தவர் அல்ல) அப்பாவின் பக்கத்திலேயே போனார். அப்போது ஹென்றி பிரான்சில் இருந்ததால் இங்கிலாந்தில் ஆட்சியைக் கவனித்தவர் அவர் மனைவி, அரகானின் கேத்தரின். அவரும் ஸ்பெயின் கூட்டணிக்காக இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கேத்தரின், நாத்தனார் கணவரின் ரத்தம் தோய்ந்த அங்கியை எடுத்துப் பிரான்சுக்கு, கணவருக்கு அனுப்பினார். உடலையே அனுப்பியிருப்பேன், நம் ஆட்களுக்குத்தான் மனசு தாங்காது என்று கூடவே கடிதமும் எழுதினார். கூட்டணிக்காக வந்த ஒரு மருமகள், கூட்டணிக்காகப் போன இன்னொரு மகளின் கணவருடைய சட்டையை வெற்றிப் பரிசாக அனுப்புகிறார். கல்யாணம் செய்துவைத்தால் அரச குடும்பங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைத்தான் காட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒப்பந்தத்தை மீறியதால் ஜேம்ஸ் திருச்சபை விலக்கத்துக்கு ஆளானவர், அதனால் அவர் உடலைப் புனித மண்ணில் புதைக்க முடியவில்லை. ஹென்றி போப்பாண்டவரிடம் அனுமதி கேட்டார், அனுமதி வந்தது, ஆனாலும் கடைசிவரை முறையான கல்லறை அமையவில்லை. நித்திய சமாதான ஒப்பந்தத்தில் உருப்படியாக அமலான ஷரத்து மாப்பிள்ளையின் பிணத்துக்குக் குழி மறுத்த அந்த ஷரத்துதான்.

இப்போது மார்கரெட். அரசியல் கணக்குப் பேசும் இடத்தில் பெண்ணின் கண்ணீரை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று எதிரணி எழுந்து நிற்கும், தெரியும். கண்ணீரைக் கொண்டுவரவில்லை. ஸ்காட்லாந்து அரண்மனைக்குள் இங்கிலாந்துக்காகப் பேசப்போகும் ஆள் என்றுதான் அந்தப் பெண்ணை அனுப்பினார்கள். அந்த ஆளால் என்ன செய்ய முடிந்தது என்று பார்க்கிறேன்.

முதலில், அனுப்பும்போது வயது. மார்கரெட் பிறந்தது 1489 நவம்பரில், ஜேம்ஸ் பிறந்தது 1473-ல். பதினாறு வயது வித்தியாசம். 1498-ல் இந்தச் சம்பந்தம் பேச்சில் இருந்தபோது, பெண்ணின் அம்மா யார்க்கின் எலிசபெத்தும் அப்பாவைப் பெற்ற பாட்டி மார்கரெட் போஃபோர்ட்டும் சேர்ந்து எதிர்த்தார்கள் என்று ஏழாம் ஹென்றியே ஸ்பெயின் தூதரிடம் சொல்லியிருக்கிறார். இப்போதே அனுப்பினால் அந்த அரசர் காத்திருக்க மாட்டார், பிள்ளையின் உடம்பு கெட்டுவிடும் என்பது அவர்கள் பயம். பாட்டி சும்மா பயப்படவில்லை, அவர் பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை பெற்றவர், அதற்குப் பிறகு அவருக்குக் குழந்தையே இல்லை. அந்த ஒரு பிள்ளைதான் ஏழாம் ஹென்றி. அம்மா பட்டதைத் தெரிந்தும் மகளைப் பதின்மூன்று வயதில்தான் அனுப்பிவைத்தார். பாத்வெல் பிரபு மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்று ரிச்மண்டில் பதிலாள் கல்யாணம் முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பெண்ணின் அம்மா பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். அம்மா இல்லாமல்தான் அந்தப் பிள்ளை புகுந்த வீட்டுக்குக் கிளம்பியது. அங்கே ஸ்டர்லிங் கோட்டையில் ஜேம்ஸின் வேறு பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜேம்ஸுக்கு மார்கரெட் ஆறு பிள்ளை பெற்றார், ஒன்றுதான் பெரியவனாகும்வரை தங்கியது. ஃபிளாடன் நடந்தபோது அந்தப் பிள்ளை, ஐந்தாம் ஜேம்ஸ், பதினேழு மாதக் குழந்தை. வயிற்றில் இன்னொன்று. கணவரின் உயில்படி, மறுமணம் செய்யாதவரை மகனுக்காக ஆட்சி செய்யும் பொறுப்பு மார்கரெட்டுக்கு. எதிரணிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது என்றால் இதுதான். ஸ்காட்லாந்தை ஒரு டியூடர் ஆள்கிறார்! எவ்வளவு காலம்? ஒரு வருடம் நிற்கவில்லை. 1514 ஆகஸ்டில் ஆங்கஸ் பிரபுவைக் கட்டிக்கொண்டார், பதவி போனது. பிரான்சில் வளர்ந்த ஆல்பனி கோமகனை வரவழைத்து நாட்டை அவர் கையில் கொடுத்தார்கள். அதாவது இங்கிலாந்து செய்துவைத்த கல்யாணத்தின் முடிவில் ஸ்காட்லாந்து முன்னைவிடப் பிரான்சின் பக்கம் போய்விட்டது. 1515-ல் படையை அனுப்பிப் பிள்ளைகள் இரண்டையும் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நிறைமாதக் கர்ப்பத்தோடு மார்கரெட் எல்லை தாண்டி ஓடினார், ஹார்பாட்டில் கோட்டையில் ஆங்கஸுக்குப் பெண் குழந்தை பெற்றார், சின்ன மகன் ஸ்டர்லிங்கில் செத்துப்போன செய்தி பிற்பாடு வந்து சேர்ந்தது.

நாடு திரும்பினால் இரண்டாவது கணவர் அவருடைய வருமானத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். விவாகம் ரத்து வேண்டும் என்று மார்கரெட் கேட்டபோது தடுத்தது யார்? தம்பி எட்டாம் ஹென்றி! ஆங்கஸ் இங்கிலாந்துக்கு வேண்டியவர், அவரை விடக் கூடாது என்ற கணக்கு. கல்யாணத்தின் புனிதத்தைப் பற்றி அக்காவுக்கு உபதேசம் செய்யத் துறவி ஒருவரை அனுப்பினார். 1527-ல் ஒருவழியாக ரோமிலிருந்து அவருக்கு ரத்து கிடைத்தது. அதே 1527-ல் உபதேசம் செய்த தம்பி தன் சொந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய வேலையைத் தொடங்கினார், பிறகு எத்தனை கல்யாணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவையில் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். ஆக, இங்கிலாந்தின் ஆளாகப் போன பெண்ணை இங்கிலாந்தே நம்பவில்லை, ஸ்காட்லாந்தும் நம்பவில்லை. 1541-ல் மெத்வன் கோட்டையில் இறந்தார்.

அவர் கண்மூடி ஒரு வருடம் தாண்டியதும் சால்வே மாஸில் அவர் தம்பியின் படையும் மகனின் படையும் மோதின. தாய்மாமன் ஜெயித்தார், மருமகன் சில வாரத்தில் மனம் உடைந்து நோயில் போனார், ஆறு நாள் பெண் குழந்தையை விட்டுவிட்டு. அந்தக் குழந்தைதான் ஸ்காட்லாந்து ராணி மேரி. எட்டாம் ஹென்றி என்ன செய்தார் என்கிறீர்கள்? இன்னொரு சம்பந்தம் பேசினார்! தன் மகன் எட்வர்டுக்கு அந்தக் குழந்தையைக் கேட்டார். 1543 ஜூலையில் கிரீனிச்சில் ஒப்பந்தம், டிசம்பரில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் முடியாது என்றது. பெண் கொடுக்காத கோபத்தில் 1544 மே மாதம் படை வந்து எடின்பரோவைக் கொளுத்தியது. ஹாலிரூடும் எரிந்தது. நாற்பது வருடம் முன்னால் மார்கரெட் தாலி கட்டிக்கொண்ட இடம் என்று நம் ஊர்ப் பாஷையில் சொல்லலாம், அதே இடத்தை மணப்பெண்ணின் தம்பி அனுப்பிய படை கொளுத்தியது. 1547-ல் பிங்கியில் இன்னொரு பெரும்போர். இவ்வளவும் அந்த லாபகரமான கல்யாணத்துக்குப் பிறகு.

பிறகு எப்போது உண்மையில் சண்டை ஓய்ந்தது? 1560-ல், எடின்பரோ ஒப்பந்தத்தில். அதில் யாருக்கும் யாரையும் கட்டிவைக்கவில்லை. ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் ஒரு பெரும் கூட்டம் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தது, முதலாம் எலிசபெத்தின் படையும் கப்பலும் அவர்களுக்கு உதவிக்கு வந்தது, ஸ்காட்லாந்தில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மதமும் பொதுவாக ஒரு பயமும் இருந்தது, அதனால் நின்றது. கல்யாணம் செய்ய முடியாததை அது செய்தது.

கடைசியாக அந்த 1603. எதிரணியின் பிரம்மாஸ்திரம். ஏழாம் ஹென்றியிடம் ஆலோசகர்கள், ஒருநாள் ஸ்காட்லாந்துக்காரன் நம் சிம்மாசனத்துக்கு வந்துவிட்டால் என்று பயந்தபோது, வந்தால் என்ன, சின்னது பெரியதோடு சேரும் என்று அவர் சொன்னாராம். எதிரணித் தலைவி இதை என்ன குரலில் சொன்னார், கேட்டீர்கள்தானே! சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1603 நடக்க என்னவெல்லாம் நடக்க வேண்டியிருந்தது? எட்டாம் ஹென்றிக்கு மூன்று பிள்ளைகள் அரியணை ஏறி, மூன்று பேருக்கும் பிள்ளை இல்லாமல் போக வேண்டும். எட்வர்டு பதினைந்து வயதில் சாக வேண்டும், முதலாம் மேரிக்கு வந்த கர்ப்பம் பொய்க்க வேண்டும், எலிசபெத் கல்யாணமே வேண்டாம் என்று நாற்பத்து நாலு வருடம் ஆள வேண்டும். இதில் எதை ஏழாம் ஹென்றி திட்டம் போட்டார்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்குத் தோப்பு எழுதிவைப்பது எதிரணியின் வழக்கமாக இருக்கலாம், நாங்கள் செய்வதில்லை.

அந்தப் பழம் விழுவதற்குள் மார்கரெட் வழி ரத்தம் எத்தனை உயிரை வாங்கியது என்றும் பார்க்க வேண்டாமா? பேத்தி மேரிக்கு இங்கிலாந்துச் சிம்மாசனத்தில் உரிமை வந்ததே பாட்டி வழியாகத்தான். அந்த உரிமை இருந்ததால்தான் எலிசபெத்துக்கு எதிராகச் சதி செய்தவர்களெல்லாம் மேரியின் பெயரைச் சொன்னார்கள், அந்த உரிமை இருந்ததால்தான் பத்தொன்பது வருடம் காவலில் வைத்து 1587 பிப்ரவரியில் ஃபோதரிங்கேயில் தலையை வெட்டினார்கள். இரண்டு நாட்டையும் சேர்க்க வந்த சொந்தம், ஒரு ராணியை இன்னொரு ராணி கொல்வதில் போய் நின்றது. மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸ் 1603-ல் அரசரானது அவர் புராட்டஸ்டன்டாகவும், வளர்ந்த ஆண்மகனாகவும், இரண்டு ஆண் வாரிசு உள்ளவராகவும் இருந்ததால், எலிசபெத்தின் அமைச்சர் ராபர்ட் செசில் முன்கூட்டியே ரகசியக் கடிதம் எழுதிக் காரியத்தை முடித்துவைத்ததால். அப்போதும் சேர்ந்தது முடிதான், நாடு அல்ல. அவர் கேட்டும் பாராளுமன்றம் நாட்டைச் சேர்க்கவில்லை, 1650-ல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல் டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை நொறுக்கினார், பாராளுமன்றங்கள் ஒன்றாக 1707 வரை ஆனது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு நிமிடம், நடுவர் பெரிய மனது வைக்க வேண்டும்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பருக்கு ஒரு கேள்வி. 1546 டிசம்பர் 30 தேதியிட்டு எட்டாம் ஹென்றி ஒரு உயில் வைத்தார். தன் பிள்ளைகளுக்கு வாரிசு இல்லாமல் போனால் சிம்மாசனம் யாருக்கு என்று அதில் வரிசை எழுதினார். தங்கை மேரியின் வம்சத்தைச் சேர்த்தார். மூத்தவள் மார்கரெட்டின் வம்சத்தை, ஸ்காட்லாந்துக்குக் கட்டிக்கொடுத்தவளின் வம்சத்தை, அடியோடு விட்டுவிட்டார். அந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்த குடும்பமே அதன் பலன் தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்று எழுதிவைத்ததை நீங்கள் எந்தப் பேரேட்டில் லாபமாக வரவு வைத்தீர்கள்? பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.